அடைத்துக் கிடந்த வீடுகளைத் திறந்த தீவு

பிள்ளைகளின் பாடசாலைத் தேசப்படப் புத்தகத்தை ஒருமுறை கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. ஜப்பான் படத்தில் ஹொன்ஷு என்ற பெரிய தீவுக்கும் அதற்குத் தெற்கேயுள்ள ஷிகொகு தீவுக்கும் நடுவில் ஒடுங்கிய கடல் ஒன்று தெரியும். செட்டோ உள்நாட்டுக் கடல் என்பது அதன் பெயர். பெருங்கடலின் அலைகள் அதிகம் எட்டாத, குளம் போல் அடங்கிய கடல். அதில் நூற்றுக்கணக்கான சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. நாம் போகவிருக்கும் நவோஷிமாவை அந்தப் படத்தில் ஒரு புள்ளியாகக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். பரப்பளவு ஏறக்குறைய 8 சதுர கிலோமீற்றர். சுற்றி வந்தால் 16 கிலோமீற்றர். சனத்தொகை சுமார் 3,000.

இவ்வளவு சிறிய ஊரைத் தேடி உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே பெரிய கடைத்தெரு இல்லை, அரண்மனை இல்லை, நீர்வீழ்ச்சியும் இல்லை. இக்காலத்து ஓவியங்களையும் சிற்பங்களையும் கட்டடங்களையும் பார்க்கவே வருகிறார்கள். "ஓவியமா? நமக்கும் அதற்கும் வெகுதூரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் படித்து முடித்துப் பட்டணத்துக்குப் போய்விட, வயதானவர்களும் பூட்டிய வீடுகளும் மட்டும் மிஞ்சுகின்ற ஊர்கள் ஜப்பானில் ஆயிரக்கணக்கில் உண்டு. அப்படிப்பட்ட ஓர் ஊர் தன் பூட்டிய வீடுகளை என்ன செய்தது என்பதுதான் எனக்கு இங்கே முக்கியமாகப் பட்டது. ஓவியமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒகயாமா நகரம் வரை கடுகதிப் புகையிரதத்தில் வரலாம். அங்கிருந்து சாதாரணப் புகையிரதத்தில் சுமார் ஒரு மணி நேரம் சென்றால் உனோ என்ற சிறு துறைமுகம். உனோவிலிருந்து கப்பலில் 20 நிமிடம்தான். கார்களையும் லொறிகளையும் வயிற்றுக்குள் ஏற்றிக்கொள்ளும் கப்பல் அது. சந்தைக்குப் போய்த் திரும்பும் ஊர்ப் பெண்கள் பைகளோடு உட்கார்ந்திருக்க, முதுகுப் பைகளோடு வெளிநாட்டார் மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நிர்வாகத்தில் தீவு தெற்கேயுள்ள ககாவா மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் தலைநகரான தகமட்சுவிலிருந்து வந்தால் 50 நிமிடம் பிடிக்கும்.

மியானோவுரா என்ற இறங்குதுறையில் கால் வைத்ததும் கடலோரத்தில் ஒரு பிரமாண்டமான சிவப்புப் பூசணிக்காய் உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். கறுப்புப் புள்ளிகள் போட்டது. யாயோய் குசாமா என்ற பெண் கலைஞர் செய்து 2006 இல் வைத்தது. உள்ளே நுழையலாம். உங்கள் பிள்ளைகள் நுழையத்தான் போகிறார்கள், வெளியே கூப்பிடக் கொஞ்ச நேரம் எடுக்கும். கப்பல் நிலையமும் அதே ஆண்டில் கட்டப்பட்டது. மெல்லிய தூண்களின் மேல் தகடு போன்ற ஒரு கூரை, அவ்வளவுதான். கசுயோ செஜிமா என்ற பெண் கட்டடக் கலைஞரும் ரியூவே நிஷிசாவாவும் சேர்ந்து வரைந்த கட்டடம். பாரமே இல்லாதது போல நிற்கிறது.

மொட்டை மலைத் தீவு

இன்று பச்சையாகத் தெரியும் இந்தத் தீவு ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது. 1917 இல் மிட்சுபிஷி நிறுவனம் தீவின் வடக்கே செம்பு உருக்கும் தொழிற்சாலையைக் கட்டியது. அதுவரை மீன்பிடியும் உப்பளமும் கடல் வாணிபமுமாக இருந்த ஊருக்கு மாதச் சம்பளம் வந்தது. கூடவே கந்தகப் புகையும் வந்தது. புகை பட்ட மரங்கள் கருகின. வடக்குப் பக்க மலைகளும் அக்கம்பக்கத்துத் தீவுகளும் வெறும் பாறையாகின. ஆனாலும் சோறு போட்டது அந்தப் புகைபோக்கிதான். 1950களின் இறுதியில் இங்கே ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். செம்புத் தொழில் தளர்ந்து இயந்திரங்கள் ஆட்களின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியதும் இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள்.

1959 இல் சிகட்சுகு மியாகே என்பவர் நகர முதல்வராகத் தெரிவானார். 36 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! தீவை மூன்று பங்காக அவர் மனதில் பிரித்துக்கொண்டார். வடக்கே தொழில், நடுவே பாடசாலைகளும் குடியிருப்பும், தெற்கே இயற்கையும் கலாசாரமும். பாடசாலையை வெறும் நான்கு சுவராகக் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. கசுஹிரோ இஷி என்ற இளம் கட்டடக் கலைஞரைப் பிடித்து 1970 இல் ஆரம்பப் பாடசாலையைக் கட்டுவித்தார். பிறகு நகரசபைக் கட்டடத்தையும் அவரிடமே கொடுத்தார். ஆக, புகழ்பெற்ற நூதனசாலைகளுக்கு முன்பே இந்தத் தீவில் நல்ல கட்டடம் கிடைத்தவர்கள் சிறுபிள்ளைகள். சுற்றுலாப் புத்தகங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

1985 இல் ஒகயாமாவைச் சேர்ந்த டெட்சுஹிகோ ஃபுகுடாகே என்ற பதிப்பாளர் மியாகேயைச் சந்தித்தார். பிள்ளைகளுக்கான கல்விப் புத்தகத் தொழில் செய்தவர். உலகத்துப் பிள்ளைகள் ஒன்றுகூடும் முகாம் ஒன்றை இந்தக் கடலில் ஒரு தீவில் அமைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தெற்குப் பகுதியை என்ன செய்யலாம் என்று இருவரும் பேசி உடன்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஃபுகுடாகே காலமானார். அவருடைய மகன் சோய்சிரோ அந்த வாக்கைக் கைவிடவில்லை. 1989 இல் முகாம் திறந்தது. மொங்கோலியக் கூடாரங்களை வரவழைத்துக் கடற்கரையில் நிறுத்தினார்கள். அந்த முகாமை மேற்பார்வை செய்தவர் டடாவோ ஆண்டோ. குத்துச்சண்டை வீரராக இருந்து, பல்கலைக்கழகப் படி ஏறாமல், தானாகப் படித்துக் கட்டடக் கலைஞரானவர்.

அதன்பின் ஒவ்வொன்றாக எழுந்தன. 1992 இல் தங்குமிடமும் நூதனசாலையும் ஒன்றாகச் சேர்ந்த பெனெஸ்ஸே இல்லம். 2004 இல் சிச்சூ நூதனசாலை. 2010 இல் கொரியாவில் பிறந்த லீ ஊஃபான் என்ற கலைஞரின் கல்லுக்கும் இரும்புக்குமாக ஒரு கட்டடம். 2025 மே மாத இறுதியில் திறந்த புதிய நூதனசாலையோடு இந்தத் தீவில் ஆண்டோவின் கட்டடங்கள் பத்தாகிவிட்டன. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், 8 சதுர கிலோமீற்றருக்கு ஒரே மனிதரின் பத்துக் கட்டடங்கள் கொஞ்சம் அதிகம்தான் என்பது என் எண்ணம்.

மண்ணுக்குள் ஒரு கட்டடம்

சிச்சூ என்றால் ஜப்பானிய மொழியில் மண்ணுக்குள் என்று பொருள். பழைய உப்பளப் படிகள் இருந்த மேட்டின் உள்ளே இதைப் புதைத்துவிட்டார்கள். கடலிலிருந்து பார்ப்பவருக்கு மலை மலையாகவே தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வானத்திலிருந்து பார்த்தால் மட்டும் சதுரமும் முக்கோணமுமாகச் சில திறப்புகள் தெரியும். அந்தத் திறப்புகள் வழியாகத்தான் உள்ளே வெளிச்சம் இறங்குகிறது.

முதலில் ஒரு நீண்ட நடை. இரு பக்கமும் உயரமான கொங்கிரீட் சுவர்கள். வர்ணம் இல்லை, சாந்து பூசவில்லை. "காசு முடிந்து பாதியில் விட்ட வீடா இது?" என்று உங்களோடு வரும் மாமி கேட்டாலும் கேட்பார். கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டுப் போல வழவழப்பாக இருக்கும். பலகை அடித்து ஊற்றும்போதே குறை வராமல் ஊற்றுவது எவ்வளவு கடினம் என்பது வீடு கட்டியவர்களுக்குத்தான் தெரியும். பின்னர் பூசி மறைக்க வழியில்லையே!

உள்ளே மூன்றே மூன்று கலைஞர்களின் படைப்புகள். பிரான்ஸ் தேசத்துக் குளோட் மொனேயின் அல்லிக்குள ஓவியங்கள் ஐந்து ஓர் அறையில் இருக்கின்றன. அவற்றில் பெரியது 6 மீற்றர் நீளம். அந்த அறைக்குள் போகச் செருப்பைக் கழற்றி அவர்கள் தரும் மெல்லிய செருப்பை மாட்ட வேண்டும். தரையில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அளவான வெண்பளிங்குக் கட்டிகள் 7 இலட்சம் பதித்திருக்கிறார்கள். மூலைகள் வளைவாக இருப்பதால் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மின்விளக்கு ஒன்றும் இல்லை. மேகம் சூரியனை மறைத்தால் ஓவியத்தின் நீலம் கறுக்கிறது, மேகம் விலகினால் பூக்கள் வெளியே வருகின்றன. மொனே இவற்றைத் தம் கடைசிக் காலத்தில், கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிய நாட்களில் வரைந்தவர். அந்தச் செய்தி தெரிந்த பிறகு பார்த்தால் அந்தக் கலங்கலான நிறங்களின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்கத் தோன்றும்.

வோல்டர் டி மரியாவின் அறையில் படிக்கட்டுகளின் நடுவே 2.2 மீற்றர் குறுக்களவுள்ள ஒரு கருங்கல் உருண்டை. ஜேம்ஸ் டரெல் என்பவரின் அறையில் கூரையே இல்லை. சதுரமாக வெட்டிய திறப்பின் கீழ் வாங்கில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான் படைப்பு. "இதற்கா காசு?" என்று ஒருவர் கேட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நுழைவுச்சீட்டு இரண்டாயிரம் யென்னுக்கு மேல். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். வரும் நேரத்தை முன்கூட்டியே குறித்துச் சீட்டு வாங்கிவிடுங்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அது எனக்கு நல்லதாகவே பட்டது. எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஹொன்முராவின் வீடுகள்

அரை நாள்தான் இருக்கிறது என்றால், சிச்சூவை விட்டுவிட்டு ஹொன்முராவுக்கே போங்கள் என்று நான் சொல்வேன். தீவின் கிழக்குக் கரையிலுள்ள பழைய கிராமம் அது. ஒடுங்கிய ஒழுங்கைகள். ஓட்டுக் கூரைகள். சுவர்களில் கரிய பலகை. தேவதாரு வகைப் பலகையின் மேற்பரப்பை நெருப்பில் கருக்கி அடித்திருக்கிறார்கள். கருகிய பலகையை மழையும் உப்புக் காற்றும் பூச்சியும் இலேசில் தின்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பப் பெயரைத் தவிர ஒரு வீட்டுப் பெயரும் உண்டு. மூலையில் இருந்தால் மூலைவீடு, கல்பாலத்தருகே இருந்தால் கல்பாலம்.

தெற்கே கட்டடங்கள் எழுந்து சில ஆண்டுகளாகியும் ஊர்ப் பெண்களின் அன்றாட வாழ்க்கைக்கும் அவற்றுக்கும் பெரிய உறவு இருக்கவில்லை. யாரோ பணக்காரர் யாருக்கோ கட்டியது என்ற நிலைதான். 1998 இல் ஹொன்முராவில் திறந்த கடோயா என்ற வீடு அதை மாற்றியது. கடோயா என்பது நான் சொன்ன அந்த மூலைவீடுதான். ஏறக்குறைய 200 ஆண்டுப் பழமையான, ஆளில்லாத வீடு. அதை இடிக்காமல், பழைய முறைப்படியே பலகை கருக்கி, சுவர் பூசி, ஓடு மாற்றித் திருத்தினார்கள். உள்ளே அரை இருட்டு. வழக்கமாகப் பாய்த்தரை இருக்க வேண்டிய இடத்தில் ஆழமில்லாத தண்ணீர். தண்ணீருக்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களில் எண்கள் மின்னுகின்றன. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணும். பூச்சியத்துக்குப் பதில் ஒரு கணம் அணைந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். சில எண்கள் வேகமாக ஓடும், சில மெல்ல நகரும்.

இதைச் செய்தவர் டட்சுவோ மியாஜிமா. மொத்தம் 125 எண் கருவிகள். அவற்றின் வேகத்தைத் தீர்மானித்தவர் அவரல்ல. ஊர்மக்கள் 125 பேரைக் கூட்டி, ஆளுக்கொன்றின் வேகத்தை அவரவரே வைக்கச் செய்தார். மிக இளையவருக்கு வயது 5, மூத்தவருக்கு 95! சிறுபிள்ளை ஒன்று தன் எண்ணை விறுவிறு என்று ஓட விட்டிருக்கும், பாட்டி ஒருவர் தன்னுடையதை நிதானமாக நடக்க விட்டிருப்பார் என்று நான் கற்பனை செய்துகொண்டேன். எது யாருடையது என்று தண்ணீரைப் பார்த்தால் நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். 2018 இல், 20 ஆண்டுகள் கழிந்தபோது, நேரம் வைக்கும் கூட்டத்தை மறுபடி நடத்தினார்கள். இடையில் எத்தனை பேர் கண் மூடியிருப்பார்கள் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள். பிறர் பொறுப்பேற்று அவர்களின் எண்களைத் தொடர்ந்தார்கள்.

தங்கள் எண் ஓடுகின்ற வீட்டைத் தேடி வெளியூரார் ஒழுங்கைக்குள் வரும்போது, ஊரார் வாசலில் நின்று வழி சொல்லத் தொடங்கினார்கள். இதுதான் இந்தத் தீவில் நடந்த பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் பின்னர் மேலும் ஆறு இடங்கள் இப்படித் திறந்தன. உப்பு வியாபாரி ஒருவர் வாழ்ந்த வீடு ஒன்று. பல் வைத்தியர் வீடு ஒன்று. இந்தப் பல் வைத்தியர் வீட்டைப் பழைய விளம்பரப் பலகைகளாலும் தகரங்களாலும் ஒருவர் கோலாகலமாக நிரப்பியிருக்கிறார். உள்ளே அமெரிக்கச் சுதந்திரச் சிலையின் பிரதி ஒன்று இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. எனக்குத் தலை சுற்றியது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இன்னொரு வீட்டில் பாய்த்தரையில் சிவப்புப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் மரத்தில் செதுக்கியவை. அசல் பூமரம் முற்றத்தில் நிற்கிறது.

மினாமிதெரா என்ற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு ஒரு பௌத்த விகாரை இருந்த நிலத்தில் ஆண்டோ 1999 இல் கட்டிய கரிய பலகைக் கட்டடம். சிலர் சிலராகத்தான் உள்ளே விடுவார்கள். சுவரைத் தடவிக்கொண்டு போக வேண்டும். அப்படி ஓர் இருட்டை மின்சாரம் தடைப்பட்ட இரவிலும் நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். வாங்கில் உட்காரச் சொல்வார்கள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சில நிமிடங்கள் போகும். பக்கத்தில் யாரோ இருமுவார்கள். பிறகு, எதிரே நீள்சதுரமாக ஏதோ சாம்பல் நிறத்தில் தெரிவது போல இருக்கும். பிரமையா என்று நினைப்பீர்கள். மெல்ல மெல்ல அது வெளிச்சமாகும். எழுந்து அதை நோக்கி நடக்கச் சொல்வார்கள். யாரும் விளக்கைக் கூட்டவில்லை. நீங்கள் நுழைந்தபோதே அந்த வெளிச்சம் அங்கே இருந்தது, கண்ணுக்குத்தான் நேரம் தேவைப்பட்டது. இருட்டுக்குப் பயப்படும் சிறுபிள்ளை என்றால் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒருவர் வெளியே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹொன்முராவின் வாசல்களில் தொங்கும் துணிகளைப் பார்க்க மறக்க வேண்டாம். நோரென் என்பார்கள். வாசலை மறைத்தும் மறைக்காமலும் பாதியளவு தொங்கும் திரை. ஒகயாமாப் பக்கத்துச் சாயக் கலைஞரான யோகோ கானோ என்ற பெண்மணி 2001 இல் இங்குள்ள வீடுகளுக்காக இவற்றைச் சாயமிட்டுக் கொடுத்தார். ஆட்கள் குடியிருக்கும் வீடுகளுக்குத்தான். அந்தந்த வீட்டின் பெயருக்கும் கதைக்கும் ஏற்ற உருவம். பின்னர் மற்ற வீட்டாரும் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்க, எண்ணிக்கை கூடியது. சுவரில் மாட்டும் ஓவியத்தைவிட, வீட்டுக்காரி காலையில் தொங்கவிடும் இந்தத் துணியில்தான் எனக்கு ஈடுபாடு. துணியின் பின்னால் ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும். திரையை விலக்கி எட்டிப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகளும் இருக்கிறார்கள். நாம் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

வெளியூர்க் கலைஞர்கள் வருவதற்கு முன்பு இங்கே கலை இருக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பொம்மைகளை மூவர் சேர்ந்து இயக்கும் புன்ராகு என்ற நாடகம் ஜப்பானில் வழக்கமாக ஆண்களின் கலை. நவோஷிமாவிலோ அதை ஆடுபவர்கள் அனைவரும் பெண்கள்! பழங்காலத்தில் இங்கே செழித்து, பின் அழிந்துபோன இந்தக் கலையை யுத்தம் முடிந்த பின் 1948 இல் பெண்கள் சிலர் தூசி தட்டி எழுப்பினார்கள். அடுத்த தலைமுறைப் பெண்கள் அதை விடாமல் ஆடி வருகிறார்கள். ககாவா மாகாணம் அதைப் பாதுகாக்க வேண்டிய நாட்டார் கலையாக அறிவித்திருக்கிறது. 2015 இல் ஹிரோஷி சம்புஇச்சி கட்டிய நகர மண்டபத்தில் அவர்கள் பயிற்சி செய்ய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த மண்டபமும் பார்க்க வேண்டியது. பெரிய கூரையின் நடுவே காற்றுப் போக வழி விட்டு, கடற்காற்றாலேயே உள்ளே குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள்.

தெற்குக் கடற்கரையில் சிறு மேடையொன்றில் இருக்கும் மஞ்சள் பூசணிக்காயையும் பார்த்துவிடுங்கள். அதுவும் குசாமாவின் வேலைதான். 1994 முதல் அங்கே இருந்தது, 2021 ஓகஸ்ட் மாதப் புயலில் கடலுக்குள் போய்ச் சிதைந்தது. 2022 ஒக்டோபரில் புதிதாகச் செய்து அதே இடத்தில் வைத்தார்கள். படம் எடுக்க வரிசை நிற்கும். வேறென்ன சொல்ல?

பக்கத்துத் தீவின் குப்பை

நவோஷிமாவுக்குக் கிழக்கே தெஷிமா என்றொரு தீவு. 1970களின் இறுதியிலிருந்து 1990 வரை அங்கே தொழிற்சாலைக் கழிவுகளைச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்து கொட்டி எரித்தார்கள். நிலமும் நீரும் நஞ்சாகின. மாகாண அரசு கண்டுகொள்ளவில்லை. 1993 இல் தீவு மக்கள் 549 பேர் சேர்ந்து முறைப்பாடு செய்து போராடினார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். 2000 இல் மாகாண ஆளுநர் அவர்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவித்து, கழிவு முழுவதையும் அகற்ற உடன்பட்டார். அகற்றி எங்கே கொண்டு போவது? எந்த ஊர் அதை ஏற்கும்? ஏற்றது நவோஷிமாதான். 2003 முதல் 2017 வரை கப்பல் கப்பலாக 9 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவும் மாசுபட்ட மண்ணும் நவோஷிமாவின் வடக்கு முனைக்கு வந்து, அங்கே எரித்து உருக்கித் தீர்க்கப்பட்டன. தெற்கே மொனேயின் அல்லிப்பூக்களைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்!

தெஷிமாவில் 2010 இல் ஒரு கட்டடம் திறந்தது. நெல் வயல்களுக்கு நடுவே, விழுந்த நீர்த்துளி போன்ற வடிவம். 60 மீற்றர் வரை நீளம், தூண் ஒன்றுகூட இல்லை. மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கொங்கிரீட் ஊற்றி, இறுகிய பின் மண்ணை அள்ளி எடுத்தார்கள். ரெய் நய்தோ என்ற பெண் கலைஞரின் யோசனைப்படி, தரையிலுள்ள நுண்துளைகளிலிருந்து தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்து, ஓடி, ஒன்று சேர்கிறது. வேறொன்றும் உள்ளே இல்லை. தரிசாகக் கிடந்த சுற்றுவட்டப் படிவயல்களை ஊரார் மீண்டும் பயிர் செய்யத் தொடங்கினார்கள். தண்ணீருக்காகவும் நிலத்துக்காகவும் போராடிய தீவில் தண்ணீரைப் பார்க்க ஒரு கட்டடம். நேரம் இருந்தால் படகேறிப் போய் வாருங்கள்.

கலை வந்ததால் நவோஷிமா பிழைத்துவிட்டதா? இருபுறமும் பார்க்க வேண்டும். 2010 முதல் மூன்று ஆண்டுக்கொரு முறை இக்கடலின் தீவுகளில் கலைவிழா நடக்கிறது. 2019 இல் எல்லாத் தீவுகளுக்குமாகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. வெளியூரிலிருந்து இளம் குடும்பங்கள் சில வந்து சாப்பாட்டுக் கடைகளும் தங்குமிடங்களும் நடத்துகின்றன. ஆனாலும் சனத்தொகை கூடவில்லை. மூவரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். விழாக் காலத்தில் வெளியூரார் நிரம்பிய பஸ்ஸில் வைத்தியசாலைக்குப் போகும் முதியவருக்கு இடமிருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து இடம் கொடுங்கள், அல்லது சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். மின்சாரச் சைக்கிள் கிடைக்கிறது, மேடுகளுக்கு அதுதான் சுகம்.

பெரும்பாலான இடங்கள் திங்கட்கிழமை பூட்டு. அதைப் பார்க்காமல் வந்து வாசலில் நிற்பவர்கள் நிறைய. சாப்பாட்டு விஷயத்தில் கவனம் தேவை. இந்தப் பகுதியின் தடித்த உடொன் நூடில்ஸ் பெயர் பெற்றது. ஆனால் சாற்றில் மிரின் என்ற மதுச் சேர்மானம் அநேகமாக இருக்கும், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ரொட்டி, பழம், அவித்த முட்டை ஆகியவற்றை உனோவிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு வருவது நிம்மதி. மியானோவுராவில் வண்ண ஓடுகளால் அலங்கரித்த பொதுக் குளியல் வீடொன்றும் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிதான், என்றாலும் ஜப்பானிய வழக்கப்படி உடையின்றிக் குளிப்பார்கள். நம்மவர்கள் வெளிச்சுவரைப் பார்த்து ரசித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

மாலைக் கப்பலைத் தவறவிடாதீர்கள். உனோவுக்குத் திரும்பும்போது கப்பல் தீவின் மேற்குக் கரையோரமாக வடக்கே போகும். அந்த நேரத்தில் எல்லோரும் தாங்கள் எடுத்த பூசணிக்காய்ப் படங்களைக் கைத்தொலைபேசியில் புரட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வலப்பக்கம் வந்து நில்லுங்கள். மரம் குறைந்த சரிவுகளும் அவற்றின் அடியில் புகைபோக்கிகளும் தெரியும். 1917 இல் கட்டிய அதே தொழிற்சாலை. இன்றும் செம்பு உருக்குகிறது, இன்றும் தீவில் பலருடைய வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். கைவிட்ட கணினிகளிலிருந்தும் பழைய கைத்தொலைபேசிகளிலிருந்தும் உலகெங்கும் சேர்க்கப்படும் மின்சுற்றுத் தகடுகள் இப்போது அங்கே வந்து இறங்குகின்றன. அவற்றை உருக்கிப் பொன்னும் வெள்ளியும் செம்பும் பிரித்தெடுக்கிறார்கள்.